ஈழக்கடலிற் சிறைப்பட்ட வான்படைஞர்

போரிற் பகைவர் கையகப்பட்டாரைக் குறித்தற்கு இன்று நாம் 'போர்க்கைதி' என்னும் தொடரை ஆளுகின்றோம். இத்தொடரின் பிற்கூறாகிய 'கைதி' அரபு மொழியிற் பிறந்து, உருது வழியாகத் தமிழகத்துக்கு வந்து, நீதிமன்ற வழக்கால் நிலைபெற்ற சொல். புறநானூற்றின் எழுபத்துநான்காம் பாட்டிற்கு அடிக்குறிப்பு வரைந்த பழம்புலவர், சேரமான் கணைக்கால் இரும்பொறை எய்திய அதே நிலையைப் 'பற்றுக்கோட்பட்டு' என்று குறித்துள்ளார். இருசொற்களும் ஒருபொருளன போலத் தோன்றினும் அவற்றின் நோக்கு வேறு. கைதி என்னும் சொல், சிறையில் இருப்பவன் கள்வனாயினும் கொலைஞனாயினும் படைஞனாயினும், வேறுபாடின்றி அவனைச் சுட்டும். அடிக்குறிப்பிலோ பொருதமை முன்னும் பற்றுக்கோட்பட்டமை பின்னுமாக வருகின்றன. பொருதவன் பிடிபட்டான் என்பதே அங்குப் பெறப்படும் பொருள். குற்றஞ்செய்தவன் அடைக்கப்பட்டான் என்னும் கருத்துக்கு அங்கு இடமில்லை.

சொல்லாராய்ச்சியளவில் இதனை விட்டுவிடலாம் என்று தோன்றலாம். ஆயினும், பிடிபட்ட ஒருவனை எப்பெயரால் அழைப்பது என்பதைப் பொறுத்தே அவன் உயிர்பிழைத்தலும் பிழையாமையும் அமைந்த காலம் ஒன்று நம் நினைவெல்லைக்குள் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு வானூர்திகளிற் சென்று பிடிபட்டோரின் வரலாறு அதற்குச் சான்று பகரும். அவர்கள் படைஞரா, ஒற்றரா, குற்றவாளிகளா என்னும் வினாவை ஒவ்வொரு நாடும் தனக்கேற்றவாறு விடுத்தது. அவற்றுள் நம் நாட்டுக்கு மிக அணித்தாக நிகழ்ந்த ஒன்றை, 1942 ஏப்ரல் 4ஆம் நாள் ஈழத்துக்குத் தென்கிழக்கே கடலில் நிகழ்ந்ததனை, நடுவணாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நாளைய நிலையை முதலிற் கூறுதல் வேண்டும். 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. வங்கக்கடல் காவலற்றதாயிற்று. ஜப்பானியக் கடற்படைத் தலைவர் நகுமோ ஐந்து வானூர்தி தாங்கிக் கப்பல்களுடன் இந்துமாக்கடலுட் புகுந்தார். அதனை எதிர்பார்த்திருந்த பிரித்தானியக் கீழைக் கடற்படை, ஏப்ரல் முதல் நாளை ஒட்டித் தாக்குதல் வரும் எனக் காத்திருந்து, அது வாராமையால் மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டுத் தீவுத்தொகுதிக்கு எண்ணெயும் நீரும் நிரப்பச் சென்றுவிட்டது. எனவே ஈழத்தின் தென்திசையில் எஞ்சியிருந்த காவல், கொக்கலை ஏரியிலிருந்து எழுந்து செல்லும் சில கேட்டலீனா வானூர்திகளின் கண்களே.

கேட்டலீனா நீரில் இறங்கவும் நீரினின்று எழவும் வல்ல ஈரெந்திர வானூர்தி. வேவுக்கும் குண்டுவீச்சுக்கும் ஒருங்கே பயன்படுமாறு இயற்றப்பட்டது. ஒரு நாள் முழுதும் வானில் உலவவல்லது. ஆனால் விரைவு குறைந்தது. போர்வானூர்திகளின் கண்ணிற் பட்டால் தப்புதல் அரிது.

கனடா நாட்டு வான்படையின் 413ஆம் அணி ஸ்காத்துலாந்தின் வடக்கிலுள்ள செத்துலாந்துத் தீவுகளினின்று ஈழத்துக்கு வந்து சேர்ந்து சின்னாட்களே ஆகியிருந்தன. அதன் அணித்தலைவருள் ஒருவர் லெனர்டு பர்ச்சால். 1915இல் ஒன்றாரியோ மாநிலத்திற் பிறந்தவர். ஏப்ரல் 4ஆம் நாள் விடியுமுன் எட்டுத் துணைவருடன் அவர் கொக்கலையினின்று எழுந்தார். பகல் முழுதும் ஒன்றும் காணவில்லை. மாலையில், திரும்புதற்கு உரிய வேளையில், தென்திசை வானடியில் ஒரு புள்ளி தென்பட்டது. அஃது என்னவென்று அறிய நெருங்கினர். நெருங்க நெருங்கப் புள்ளி பலவாயிற்று, பல கப்பலாயின. ஈழத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், நகுமோவின் கடற்படை அவர்கள் கண்முன் நின்றது.

கம்பியில்லாத் தந்தியர் உடனே செய்தியை அனுப்பத் தொடங்கினார். கண்ட கப்பல்களின் தொகை, இடம், திசை, விரைவு ஆகியன அதில் அடங்கும். முறைப்படி ஒரு செய்தியை மும்முறை அனுப்புதல் வேண்டும். மூன்றாம் முறை முடியுமுன் தாங்கிக் கப்பல்களினின்று எழுந்த போர்வானூர்திகள் சூழ்ந்து சுட்டன, தந்திக்கருவி சிதைந்தது, எரிநெய் பற்றிக்கொண்டது. பர்ச்சால் எரியும் வானூர்தியைக் கடலில் இறக்கினார். நீரில் நீந்தியோர்மீதும் சூடு தொடர்ந்தது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரை இசோகசே என்னும் போர்க்கப்பலினர் நீரினின்று எடுத்தனர்.

இதற்குப்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்குரியது. பிடித்தோர்க்கு அறியவேண்டுவது ஒன்றே: செய்தி சென்றதா, இல்லையா? சென்றிருப்பின் கொழும்பின்மேல் மறுநாட் காலையில் நிகழ்த்தக் கருதிய தாக்குதல் வெளிப்பட்டுவிட்டது. செல்லாதிருப்பின் மறைவு காக்கப்பட்டது. அறுவரும் அடிக்கப்பட்டனர். பர்ச்சால் தாமே அணித்தலைவர் என்றும், செய்தி அனுப்புதற்கு வாய்ப்பே நேரவில்லை என்றும் உறுதியாகக் கூறினார். அவ்வேளையில் கொழும்பு நிலையத்தார், தமக்குக் கிடைத்த செய்தி தெளிவின்றி இருந்தமையால், அதனைத் திருப்பி அனுப்புமாறு கேட்டனர். அவ்வேண்டுகோளை ஜப்பானியரும் வாங்கினர். கேட்பவன் ஏதோ ஒன்றைப் பெற்றிருந்தாலன்றித் திருப்பி அனுப்பு என்று கேட்கமாட்டான் அன்றோ? அடி மீண்டும் தொடங்கியது.

பர்ச்சால் பின்னாளில் 'ஈழத்தைக் காத்தவர்' என்று புகழப்பெற்றார். இப்புகழை நாம் சற்று நிறுத்துப் பார்த்தல் தகும். செய்தி கிடைத்தமையால் கொழும்புத் துறைமுகத்து நின்ற கப்பல்களுட் பல அன்றிரவே வெளியேறின என்பது மெய். ஆயினும் ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறு காலையில், நூற்றிருபதுக்கும் மேற்பட்ட வானூர்திகள் வந்தபோது இரத்மலானை வான்தளத்தார் அவற்றைக் கண்டது அவை தலைக்குமேல் வந்தபின்னரே. துறைமுகத்தில் தெனிடோசு, எக்டர் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. அன்று நண்பகலிற் கடலில் கார்ன்வால், தார்செட்சையர் என்னும் பெருங்கப்பல்கள் இரண்டும் மூழ்கி 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் எர்மிசு என்னும் தாங்கிக் கப்பல் மூழ்கியது. அன்று நகுமோவின் கப்பல்களைத் தாக்கச் சென்ற ஒன்பது பிளென்கைம் குண்டுவீச்சு வானூர்திகளுட் பல மீளவில்லை. ஒரு செய்தி ஒரு தீவினைக் காத்தது என்பது மிகை. துறைமுகத்துப் பல கப்பல்களையும் அவற்றின் மாலுமிகளையும் காத்தது என்பதே அளவான கூற்று. அதுவும் சிறிதன்று.

நம் கரையிலும் அவ்வாரம் அமைதியாகக் கழியவில்லை. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் பல்லாயிரவர் வண்டியும் தொடர்வண்டியும் ஏறி உள்ளூர்களுக்குப் போயினர்; அரசு அலுவலகங்கள் பல நகரைவிட்டு மாற்றப்பட்டன; குண்டு வீழின் தப்பி வெளிவந்துவிடும் என்று அஞ்சி உயிர்க்காட்சிச்சாலையின் கொடுவிலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. இவ்வச்சத்தை நினைவுகூரும் நூல்கள் தமிழகத்தில் உண்டு. இவ்வச்சத்துக்கு முதற்காரணமான கடற்படையை முதலிற் கண்டு, கண்டமைக்காக அடியுண்டு கிடந்த அறுவரை நினைப்பார் குறைவு.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். பர்ச்சாலும் துணைவரும் செய்த தொழில் யாது? பகைவர் இருக்கும் இடத்துக்குச் சென்று, அவர்தம் அளவையும் திசையையும் அறிந்து, தம்மவர்க்கு உரைத்தல். தமிழர் இத்தொழிலை ஒற்று என்பர். திருக்குறளின் ஒற்றாடல் என்னும் அதிகாரம், மாற்றுருக் கொண்டு சென்று, ஐயுற்றுப் பிடித்து எது செய்யினும் உள்ளதை வெளியிடாது நிற்கவல்லவனையே ஒற்றன் என வகுக்கின்றது. வெளியிடாமை என்னும் இலக்கணம் பர்ச்சாலுக்கு முற்றும் பொருந்தும். மாற்றுரு என்னும் இலக்கணம் பொருந்தாது. அவர் தம் நாட்டுப் படையுடையோடு, தம் நாட்டுக் குறி தீட்டிய ஊர்தியிற் சென்றார். பன்னாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றது. 1907ஆம் ஆண்டின் ஏக் உடன்படிக்கையில் இணைந்த தரைப்போர் விதிகளுள் 29ஆம் விதி, மறைவாகவோ பொய்க்கோலம் பூண்டோ செய்தி திரட்டுபவனே ஒற்றன் என்கின்றது. மாற்றுருக் கொள்ளாது பகைவர் எல்லையுட் புகுந்து செய்தி அறியும் படைஞன் ஒற்றன் ஆகான் என்று விலக்குகின்றது.

அவ்விதி, செய்தி கொண்டுசெல்லுமாறு புகைக்கூண்டுகளில் ஏற்றி அனுப்பப்பட்டோரையும் பெயர்சுட்டி விலக்கியமை குறிப்பிடத்தக்கது. அதற்குக் காரணம் உண்டு. 1870, 1871ஆம் ஆண்டுகளிற் பாரிசு நகர் பிரசியரால் முற்றுகையிடப்பட்டபோது, அறுபதுக்கும் மேற்பட்ட புகைக்கூண்டுகள் அந்நகரினின்று மடல்களையும் மக்களையும் சுமந்து எழுந்தன. காற்று அவற்றுட் சிலவற்றைப் பகைவர் கையிற் கொண்டு சேர்த்தது. பிசுமார்க்கு அவற்றில் வந்தோரை ஒற்றராகக் கருதி நடத்துவதாக அச்சுறுத்தினார். தரைமேல் எல்லை கடப்பவன் ஒற்றனாகலாம், வான்மேல் எல்லை கடப்பவன் என்னாவான் என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது. வானூர்தி தோன்றுமுன்னரே வானிற் சென்று சிறைப்பட்டவன் தோன்றிவிட்டான் என்க.

பிடிபட்டவன் எதனைச் சொல்லவேண்டும், எதனைச் சொல்லாது விடலாம் என்பதை 1929ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கை 5ஆம் விதியில் வரையறுத்தது. தன் மெய்ப்பெயரும் படைநிலையும், அன்றேல் தன் படை எண்ணும் உரைத்தல் அவன் கடமை. அதற்கு மேற்பட்ட செய்தியைப் பெறுதற்கு அவனை வருத்தலாகாது. இவ்விதியின் ஆழம் சிந்தித்தற்குரியது. போரிற் படைக்கலத்தை இழந்தவனிடத்து எஞ்சியுள்ளது அவன் நாவடக்கம் ஒன்றே. சட்டம் அதனை அவனுடைமையாக ஒப்புக்கொண்டது. காலாட்படைஞன் ஒருவன் அறிந்தது அவனைச் சூழ்ந்த நிலப்பரப்பளவே. குண்டுவீச்சு வானூர்தியாளனோ தளம் எங்குள்ளது, எத்துணை வானூர்திகள் உள, எக்கருவியால் வழியறிகின்றனர், அடுத்து எவ்வூரைத் தாக்கக்கூடும் என்பனவற்றுட் பலவும் அறிந்தவன். எனவே அவன் நாவைத் திறத்தலிற் பிடித்தோர்க்கு வேட்கை மிகுதி.

இவ்வேட்கையைச் செருமானியர் ஒருவகையாற் செலுத்தினர், ஜப்பானியர் மற்றொருவகையால். செருமானியர், பிராங்குபர்ட்டை அடுத்த ஓபருர்சல் என்னும் ஊரில், பிடிபட்ட வான்படைஞரை வினவுதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருந்தனர். அங்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் என்று பொய்யாக அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, 'இதனை நிரப்பினால் உம் வீட்டார்க்குச் செய்தி செல்லும்' என்பர். அத்தாளில் பெயருக்கும் நிலைக்கும் கீழே, அணியும் தளமும் வானூர்தி வகையும் கேட்கப்பட்டிருக்கும். ஆன்சு சார்பு என்னும் வினவுநர் அடித்தல் இன்றி, உலாவ அழைத்துச் சென்றும் இன்சொற் கூறியும் செய்தி பெறுதலில் வல்லவர் எனப் பெயர்பெற்றார். பர்ச்சாலைச் செலுத்திய இடமாகிய ஒபுனாவில் இன்சொல்லுக்கு வேலையில்லை. காமகுராவை அடுத்த அச்சிறை ஜப்பானியக் கடற்படை மறைவாக நடத்தியது. அதில் வைக்கப்பட்டோர் பெயர்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அறிவிக்கப்படவில்லை. ஒருவரோடொருவர் பேசுதலும் தடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தோர்க்குப் போரிற் சிறைப்பட்டோர் என்னும் நிலை அளிக்கப்படவில்லை. படைக்கலம் இழந்த பகைவர் என்றே அவர்கள் எண்ணப்பட்டனர். பகைவனை வருத்தலாம், சிறைப்பட்டோனை வருத்தலாகாது. ஒரு பெயரை மாற்றி ஒரு சட்டத்தையே கடந்தனர்.

ஜப்பான் 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கையெழுத்திட்டிருந்தும் அதனை உறுதிசெய்யவில்லை. 1942இன் தொடக்கத்தில், அதன் விதிகளை 'வேண்டிய மாற்றங்களுடன்' கைக்கொள்வதாக மட்டும் அறிவித்தது. மாற்றம் இன்னது என வரையறுக்கப்படாமையின் அவ்வுறுதி வேண்டியவாறு விரிந்தும் சுருங்கியும் பயன்பட்டது.

பர்ச்சால் பிடிபட்டுப் பதினான்கு நாள் சென்றபின் நிகழ்ந்த ஒன்று, அவர்க்குப் பின்வந்த வான்படைஞர் அனைவர் தலைவிதியையும் மாற்றியது. ஏப்ரல் 18ஆம் நாள் டூலிட்டில் என்னும் அமெரிக்கத் தலைவர் பதினாறு குண்டுவீச்சு வானூர்திகளுடன் தோக்கியோ முதலிய நகரங்களைத் தாக்கினார். சீனக் கரையில் இறங்கியோருள் எண்மர் ஜப்பானியர் கையகப்பட்டனர். ஆகஸ்டில் சாங்காய் நகரில் அவர்கள்மீது வழக்கு நடத்தப்பட்டது. அக்டோபர் 15ஆம் நாள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐவர்க்குத் தண்டனை வாழ்நாட் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவ்வைவருள் ஒருவர் 1943 டிசம்பரிற் சிறையில் நலிந்து இறந்தார். பொதுமக்கள்மீது குண்டுவீசிய வான்படைஞர் போர்க்குற்றவாளிகளே. அவர்க்குக் கொலைத் தண்டனை உண்டு என்னும் ஆணையும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. செயல் ஏப்ரலில், ஆணை அதன் பின்னர் என்பதை நோக்குக.

அவ்வாணையின் நிழல் இரங்கூன் நடுவண் சிறைவரை நீண்டது. இந்தியாவிலுள்ள தளங்களினின்று பர்மாவின்மேற் சென்று வீழ்ந்த குண்டுவீச்சு வானூர்தியாளர் அங்குத் தனியறைகளில் அடைக்கப்பட்டனர். தரைப்படையிற் பிடிபட்டோர் அதே மதிலுக்குள் வேறு கட்டடங்களிற் பெற்ற சிறு உரிமைகளும் இவர்க்கு மறுக்கப்பட்டன; நோயுற்றார்க்கு மருந்தில்லை. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ஒருவர்க்கும் சொல்லாமற் சிறையைவிட்டுப் போயினர். உள்ளிருந்தோர் கூரைமேல் ஏறி, ஜப்பானியர் போய்விட்டனர் என்று பெரிய எழுத்தில் தீட்டினர்; தம் நாட்டு வானூர்திகள் அறியாது தம்மீதே குண்டெறியும் என்னும் அச்சத்தால் செய்தது அது. கூரைமேல் எழுத்துத் தீட்டினோருட் பலர் முன்னர் அதே நகரின்மேற் குண்டெறிந்தோர். நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்த நகரம் அது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 1945 மே, ஜூன் திங்களில், கியூசு பேரரசுப் பல்கலைக்கழக மருத்துவப் பகுதியில், பிடிபட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்தியாளர் எண்மர் உயிரோடு அறுக்கப்பட்டு ஆய்வுப்பொருளாக்கப்பட்டனர். பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வெளிவரும் இதழில் இதனைக் கூறாது விடுத்தல் தகாது என்பதனாற் கூறினோம்.

மேற்றிசையார் இதில் தூயர் என்று கருதுதலும் பிழை. செருமானியர் 1944இல் நேசநாட்டு வான்படைஞரை 'அச்சுறுத்தும் வானோடிகள்' என்று பெயரிட்டு, மக்கள் அவர்களைக் கொல்லின் தடுக்கவேண்டா என்று காவலர்க்கு உணர்த்தினர். பிரான்சு நாட்டிற் பிடிபட்ட 168 வான்படைஞர் அவ்வாண்டு ஆகஸ்டிற் புகன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைப் பிடித்த காவற்படையார் கூறிய காரணம், அவர்கள் பொதுமக்கள் உடையில் இருந்தனர் என்பதாம். நியூசிலாந்தினரான பில் லாமசன் அவர்களைப் படையொழுங்கோடு நிறுத்தி, தாம் படைஞரே என்று விடாது உரைத்துவந்தார். செருமானிய வான்படையினர் செய்தி அறிந்து, அக்டோபரில் அவருட் பெரும்பாலாரைத் தம் சிறைமுகாமுக்கு மாற்றிக்கொண்டனர். இருவர் அதற்குள் இறந்துவிட்டனர். ஈண்டும் உயிரைக் காத்தது ஒரு பெயர்.

பெயரின் ஆற்றலை நம் மண்ணில் வைத்தே காணலாம். புதுச்சேரி நகர்க்கு வடமேற்கே உள்ள சேதராப்பட்டு அந்நாளிற் பிரெஞ்சாட்சிக்கு உட்பட்டிருந்தது. அதனை ஒட்டிய வயல்களுக்கு அப்பாலுள்ள ஊர்கள் பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்தவை. 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்திய ஆளுநர் போன்வென் தெகோல் பக்கம் சேர்ந்தார். பிரெஞ்சிந்தியாவினின்று சிலர் சுதந்திரப் பிரெஞ்சுப் படையிலும் சேர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் செருமனியும் பிரான்சும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்பாட்டின் 10ஆம் விதியோ, செருமனியை எதிர்த்துப் போர்தொடரும் பிரெஞ்சுக் குடிகள் சட்டக் காப்பற்ற தனிப்போராளிகளாகவே நடத்தப்படுவர் என்றது. இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். ஒரே வரப்பின் இருபுறத்தும் வாழ்ந்த இளைஞர் இருவருள், ஒருவன் பிரித்தானிய வான்படையிலும் மற்றொருவன் சுதந்திரப் பிரெஞ்சு வான்படையின் லொரேன் குண்டுவீச்சு அணியிலும் சேர்ந்து, இருவரும் ஒரே நாளில் ஒரே வானில் வீழ்ந்திருப்பின், முன்னவன் செனீவா உடன்படிக்கையின் காப்புப் பெற்றவன். பின்னவன் எழுத்தளவிற் சுடப்படத்தக்கவன். இருவர் பேசும் மொழியும் ஒன்று. உண்ணும் நெல்லும் ஒன்று. நடைமுறையில் இவ்விதி முழுவதும் செல்லவில்லை என்பதையும் கூறவேண்டும். 1942 ஜூனில் பீர் அக்கைமிற் பிடிபட்ட சுதந்திரப் பிரெஞ்சுப் படைஞரைக் கொல்வதாகப் பெர்லின் வானொலி அறிவித்ததும், தாமும் செருமானியச் சிறையாளர்க்கு அவ்வாறே செய்வதாக தெகோல் பக்கத்தார் இலண்டனினின்று மறுமொழி கூறினர், பெர்லின் பின்வாங்கிற்று.

ஜப்பானியர் பிடிபட்டோரை இழித்தமைக்கு ஒரு கருத்தடிப்படையும் உண்டு. 1941 சனவரியில் அவர்தம் தரைப்படையினர்க்கு வழங்கப்பட்ட ஒழுக்க நூல், சிறைப்படும் இழிவுக்கு உட்பட்டு உயிர்வாழ்தல் கூடாது என்று விதித்தது. தன் படைஞனுக்கே சிறைப்படுதல் இழிவு என்று கற்பித்தவன், மாற்றான் படைஞன் சிறைப்பட்டு நிற்றலைக் கண்டு மதியான் என்பது எளிதிற் பெறப்படும். தமிழ் கற்றார்க்கு இவ்விடத்துக் கணைக்கால் இரும்பொறை நினைவுக்கு வருதல் இயல்பு. செங்கணானோடு பொருது பற்றுக்கோட்பட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த அவ்வேந்தன், கேட்ட நீரைக் காலந்தாழ்த்துப் பெற்றமையால் உண்ணாது துஞ்சினான் என்பர். களவழி நாற்பது பாடிப் பொய்கையார் அவனைச் சிறைவீடு செய்தனர் என்னும் வழக்கும் உண்டு. இருவழக்கையும் பொருத்துதற்கு அறிஞர் பலவாறு முயன்றுள்ளனர். எதுவாயினும், மானத்தின் பொருட்டு உயிர் நீத்தல் என்னும் கருத்து இருநாட்டிற்கும் பொது என்று சிலர் கூறக்கூடும். நாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. இரும்பொறை இழிவு என்று கருதியது தன் செயலை. அதனையும் அவனே கருதினான். பிறன் சிறைப்பட்டான் ஆதலின் அவனை நாம் இழிக்கலாம் என்னும் முடிவு அப்பாட்டினின்று பிறவாது. மாறாக, நீரைத் தாழ்த்துக் கொடுத்த காவலரே அப்பாட்டிற் பழிக்கப்படுகின்றனர்.

தமிழர் சிறைப்பட்டோரை என்றும் இழித்ததில்லை என்று கூறுதலும் இயலாது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம், நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிணித்துத் தலையில் நெய்பெய்து கைகளைப் பின்கட்டிக் கொணர்ந்தமையைப் புகழாகவே பாடுகின்றது. கனகவிசயர் முடித்தலையிற் கல்லேற்றியதும் புகழாகவே பாடப்பட்டது. ஆனால் அதே சிலப்பதிகாரம் நடுகற்காதையில் மற்றொரு குரலையும் பதிவுசெய்கின்றது. செங்குட்டுவன் சிறைகொண்ட ஆரியரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டுமாறு நீலன் முதலியோரை அனுப்பினான். தவக்கோலம் பூண்டு களத்தினின்று ஓடியவரைப் பிடித்து வருதல் வென்றியாகாது என்று அவ்வேந்தர் இகழ்ந்தனர். செங்குட்டுவன் சினந்தான், மாடலன் தணித்தான், பின்னர் ஆரிய மன்னர் சிறைவீடு பெற்றனர். பிடிபட்டவனைக் காட்சிப்பொருளாக்குதல் பிடித்தவனுக்கு இழிவு என்னும் இக்கருத்து, இற்றைச் செனீவா உடன்படிக்கை சிறைப்பட்டோரைப் பொதுமக்கள் வேடிக்கைக்கு உட்படுத்தலாகாது என்று விதித்தற்கு மிக அணித்தாக நிற்றல் காண்க.

மீண்டும் பர்ச்சாலைக் காண்போம். ஒபுனாவினின்று யோகோகாமா முகாமுக்கு மாற்றப்பட்டபின், சிறைப்பட்டோருள் மூத்த தலைவர் என்னும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நோயுற்றோரைக் காவலன் ஒருவன் வேலைக்கு இழுத்தபோது அவனை அடித்தார். அதற்குரிய தண்டனையையும் பெற்றார். பின்னர்க் கப்பல்துறை ஒன்றில், நோயாளிகளை வேலையினின்று விலக்கும்வரை எவரும் எழுந்திருத்தல் வேண்டா என்று அனைவரையும் தரையில் அமரச்செய்தார். தனிச்சிறையும் அடியும் அவர்க்கு, விலக்கு நோயாளிகட்கு. இவற்றோடு, எவர் எவர்க்கு என்ன செய்தார் என்பதை நாட்குறிப்பாக எழுதி மறைத்து வைத்தார். 1945 ஆகஸ்ட் 27ஆம் நாள் அவர் விடுதலை பெற்றபின், அக்குறிப்புகள் போர்க்குற்ற வழக்குகளிற் சான்றாயின. செய்தி அனுப்பவில்லை என்று பிடித்தோரிடம் மறைத்தவர், பின் கண்டதெல்லாம் எழுதி உலகுக்கு வெளியிட்டார். அவர் 2004இல் மறைந்தார்.

அக்குறிப்புகளின் தேவையை உணர எண்கள் உதவும். தோக்கியோப் போர்க்குற்ற நடுவர்மன்றம் கண்ட கணக்கின்படி, ஜப்பானியர் பிடித்த மேலைநாட்டுப் படைஞர் 132,134 பேருள் 35,756 பேர் சிறையில் இறந்தனர். அஃதாவது நூற்றுக்கு 27 பேர். செருமனியும் இத்தாலியும் பிடித்த அமெரிக்க, பிரித்தானியப் படைஞருள் இறந்தோர் நூற்றுக்கு நால்வர். சிறைப்படுதலே அரிதாயினமையையும் ஈண்டு மறத்தலாகாது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் மாண்டனர். சிறைப்பட்டோர் 9,838 பேரே. பர்ச்சால் பிடிபட்ட அவ்வாரத்தில் நகுமோவின் கப்பல்களைத் தேடிச் சென்று வீழ்த்தப்பட்ட பிற கேட்டலீனாக்களினின்று ஒருவரும் மீண்டிலர்.

1949ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கை, பிடிபட்டவன் உரைக்கவேண்டியவற்றைப் பெயர், நிலை, எண், பிறந்த நாள் என நான்காக்கியது. அழிவுற்ற வானூர்தியினின்று குடையில் இறங்குபவனைச் சுடலாகாது என்பதை 1977ஆம் ஆண்டின் இணைப்பு ஒப்பந்தம் 42ஆம் விதியாக எழுதியது. இத்தகைய ஆவணங்களைத் தமிழிற் பெயர்ப்போர், 'கைதி' என்னும் ஒரு சொல்லாலேயே எல்லா நிலையையும் குறித்துச் செல்கின்றனர். குற்றவாளிக்குக் கைதி என்பதும், போரிற் பிடிபட்டவனுக்குப் பற்றுக்கோட்பட்டவன் என்றோ, எளிமை வேண்டுவோர் போர்ச்சிறையாளன் என்றோ ஆளுவதும் பொருள்மயக்கம் நீக்கும் என்பது எம் கருத்து. மூவர் உயிர் போனது அம்மயக்கத்தாலன்றோ?

இறுதியாக ஒன்று. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மேல் வந்த வானூர்திகளைத் தலைமைதாங்கிச் செலுத்தியவர் மிட்சுவோ புச்சிடா. பேர்ள் துறைமுகத் தாக்குதலையும் நடத்தியவர். அவர் எழுதிய போர்வரலாற்றின் சில பகுதிகளை இன்றைய வரலாற்றாசிரியர் ஏற்பதில்லை. அவர் வாழ்வின் பிற்பகுதியிலோ ஐயத்துக்கு இடமில்லை. டூலிட்டிலின் படையினின்று பிடிபட்டு வாழ்நாட் சிறை பெற்ற ஐவருள் ஒருவராகிய சேக்கப் டிஷேசர், நாற்பது திங்கள் சிறையிலிருந்து, அங்குப் பெற்ற விவிலியத்தைப் படித்து, 1948இற் சமயத் தொண்டராக ஜப்பானுக்கே மீண்டார். தாம் ஜப்பானியர் சிறையில் இருந்த வரலாற்றைச் சிறு வெளியீடாக எழுதி வழங்கினார். அதனைத் தோக்கியோ தொடர்வண்டி நிலையம் ஒன்றிற் பெற்றுப் படித்தவருள் புச்சிடாவும் ஒருவர். பின்னர் அவரும் கிறித்தவரானார். இருவரும் ஒருங்கு நின்று பேசியதும் உண்டு. டிஷேசரின் வானூர்தி 1942இற் குண்டெறிந்த நகரம் நகோயா. 1959இல் அவர் அந்நகரிலேயே குடியேறி ஒரு கோயிலை நிறுவினார்.